முள் விழுகிற நேரம்

முழுசாகச் செத்துப்போன ஸ்பீடோமீட்டரோடு எனக்குச் சண்டையே இல்லை. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து அளந்துகொண்டே போனால் ஏதோ ஓர் இடத்தில் சிக்னல் நின்றுபோயிருக்கும். அங்கே கை வைத்தால் வேலை முடிந்தது. விட்டுவிட்டு வரும் கோளாறு அப்படி இல்லை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி, ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கோளாறு இல்லாத நேரத்தில் எங்கே அளந்தாலும் நல்ல அளவுதான் வரும். பிறகு மிஞ்சுவது ஊகம். ஊகத்தை வைத்துச் செய்ய முடிந்த வேலை ஒன்றே ஒன்றுதான், பாகம் மாற்றுவது.

என் கார் இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமுள் திடீரென்று பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். கீழே கிலோமீட்டர் எண்ணும் அப்படியே நின்றுவிடும். ஆர்பிஎம் முள், பெட்ரோல் முள், சூட்டு முள் மூன்றும் தங்கள் பாட்டுக்கு வேலை செய்யும். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் சில சமயம் முள் துள்ளி எழுந்து சரியான வேகத்துக்கு வந்துவிடும். சில சமயம் எத்தனை பள்ளம் வந்தாலும் எழுந்திருக்காது.

வழக்கமான சர்வீஸுக்கு விட்டிருந்தபோது மெக்கானிக்கிடம் சொன்னேன். "ஸ்பீடு சென்சார்தான் சார், வேற ஒண்ணும் இருக்காது. மாத்திட்டா சரியாயிடும்" என்றார். மாற்றினார், சரியானது. சில நாட்கள் கழித்து முள் மறுபடி விழுந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கியர்பாக்ஸ் மேல் எண்ணெயிலும் சூட்டிலும் அழுக்கிலும் கிடக்கிற சென்சார் பழுதாவது அபூர்வம் இல்லை. ஆனால் பாகத்தை மாற்றிய பிறகு கோளாறு சில நாள் வராமல் இருந்தால், பாகம்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடாது. புதுச் சென்சார் போடுகிற சாக்கில் கப்ளரை, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளக்கை, கழற்றி மாட்டியிருப்பார்கள். அப்படிக் கழற்றும்போது பின்களின் மேல் படிந்திருந்த பாசி உரசிப் போயிருக்கும். ஒயர் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ எழுதிவைத்திருந்த பழைய கோடுகளும் (code, பழுதைக் குறிக்கும் எண்கள்) அழிந்திருக்கும். புதுப் பாகமே போடாமல் இவ்வளவும் செய்திருந்தாலும் வண்டி சில நாள் நன்றாக ஓடியிருக்கலாம். என் வண்டி விஷயத்தில் இதெல்லாம்கூட இல்லை, காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி இது: கோளாறை நினைத்த நேரத்தில் வரவழைக்கவும் நினைத்த நேரத்தில் போக்கவும் எனக்குத் தெரிகிற வரைக்கும் எதையும் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லக்கூடாது. அதுவரை ஒரு பாகத்தையும் மாற்றக்கூடாது.

வண்டிக்கு வயது அதிகம் என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வேகம் முள்ளுக்கு எந்த வழியாக வருகிறது என்பது. இதில் பொதுவாக மூன்று தலைமுறை உண்டு. ஒவ்வொன்றிலும் அறிகுறிகளுக்குப் பொருள் மாறும்.

முதல் தலைமுறை கேபிள். ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை வாங்கிய அமைப்புதான் அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கார்களில் ஓடியது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது கிண்ணத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதைப் போகவிடாமல் பிடித்திருக்கும். இந்த இழுபறி எந்த இடத்தில் சமமாகிறதோ அங்கே முள் நிற்கும். கிலோமீட்டர் எண்களைத் திருப்புவது அதே தண்டிலிருந்து போகும் பல்சக்கரங்கள். அதில் காந்தத்துக்கு வேலை இல்லை.

அதனால் கேபிள் வண்டியில் முதல் கேள்வியே பாதி வழியைத் தாண்டவைத்துவிடும். முள் விழும்போது கிலோமீட்டர் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் கேபிள் நன்றாகச் சுழல்கிறது, பழுது கிண்ணத்திலோ வில்லிலோ முள்ளிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நிற்கின்றன என்றால் கேபிளைப் பார்க்க வேண்டும், அல்லது அதன் அடியில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கேபிளின் முனை சதுரமாக இருக்கும். தேய்ந்து உருண்டையாகிவிட்டால் சுமை கூடும்போது வழுக்கும், குறைந்தால் பிடிக்கும். அங்கேயும் விட்டுவிட்டு வரும் கோளாறுதான். முள் விழாமல் ஆடிக்கொண்டே இருந்தால் கேபிள் எங்கேயோ மடங்கியிருக்கிறது, அல்லது உள்ளே காய்ந்துபோயிருக்கிறது என்று பொருள். ஓரிடத்தில் இறுகி முறுக்கேறி, பிறகு சட்டென்று விடுபடும். அந்த விடுபடல்தான் முள்ளின் துள்ளல். குளிர்ந்த காலையில் மட்டும் ஆடுகிறது என்றால் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கிறது.

கிரீஸ் போடுவதில் ஒரு எச்சரிக்கை. கேபிளின் மேல்முனையில் சில அங்குலங்களை விட்டுவிட்டுத்தான் போட வேண்டும். முழுக்கத் தடவினால் சுழற்சியில் கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போகும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே காற்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் புகுந்தால் கிண்ணம் தேவைக்கு மேல் இழுபடும், நின்ற வண்டியிலும் முள் இறங்காது. கேபிளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் மீட்டரையே கெடுத்த கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

இரண்டாவது தலைமுறையில் கேபிள் போய் சென்சார் வந்தது. என் வண்டி இந்த வகை. மூன்றாவதில் கியர்பாக்ஸ் சென்சாரும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். நான்கு சக்கரங்களில் இருக்கும் ஏபிஎஸ் சென்சார்கள் சொல்வதை ஏபிஎஸ் பெட்டி கணக்கிட்டு, வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் (CAN) இணைப்பு வழியாக மீட்டருக்கு அனுப்புகிறது. அந்த வகை வண்டியில் முள் விழும்போது ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் முள்ளை விட்டுவிட்டுச் சக்கரத்துப் பக்கம் போக வேண்டும். பல்வளையத்தில் விரிசல், அதன் அடியில் துரு, பேரிங் ஆட்டம் என்று பார்க்க வேண்டியவை வேறு.

சென்சாரிலும் இரண்டு சாதி. இரண்டு ஒயர் வருவது வெறும் காந்தமும் சுருளும். பல்சக்கரம் அதன் முன்னால் ஓடும்போது தானே மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகம் குறைந்தால் அந்த மின்னழுத்தமும் குறையும். ஆகவே மெதுவாகப் போகும்போது மட்டும் முள் விழுந்து, வேகமெடுத்ததும் எழுந்தால் இந்த வகைச் சென்சாரின் மேல் சந்தேகம் வலுக்கும். நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலும் இப்படி ஆகும். மூன்று ஒயர் வருவது ஹால் சென்சார், காந்தப்புலம் மாறுவதை உணரும் வகை. ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஒரே உயரத்துக்குத் துடிப்பு கொடுக்கும். மாறுவது ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டும்தான். என் வண்டியில் இருப்பது இது. முள் விழுவதற்கும் வேகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்ததோடு இது பொருந்தியது, ஆனால் அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

ஜப்பானியத் தரப்படி, கேபிள் இருந்த காலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று. சென்சார் வந்த பிறகும் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்பு என்று வைத்தார்கள், ஆக ஒரு கிலோமீட்டருக்கு 2548. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். 2548ஐ 60ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 42.5 துடிப்பு. என் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலும் இதே கணக்குதான் இருந்தது. எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, அவரவர் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த 42.5 பெரிய உதவியாக இருந்தது. வேகத்தை இனி மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்கு இத்தனை துடிப்பு என்று, படிக்கலாம்.

சென்சார் வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து நிற்பது இங்கே பெரிதாக எதையும் சொல்லாது, இரண்டும் ஒரே சிக்னலில் ஓடுகின்றன. முள்ளைத் தவிர வேறு யாருக்கு வேகம் தெரிய வேண்டும், அவர்களுக்கும் தெரியாமல் போகிறதா என்று கேட்க வேண்டும். வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அது அறுந்துபோகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சில வண்டிகளில் தப்பான நேரத்தில் கியர் மாற்றும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகலாம் அல்லது லேசாகலாம். வேகம் வராவிட்டால் ஈசியூ பி0500 என்ற கோடை எழுதிவைக்கும். விட்டுவிட்டு வந்தால் பி0503. என் வண்டியில் கோடு எதுவும் பதியவில்லை என்பதே முதலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. இத்தனை முறை முள் விழுந்தும் ஈசியூ ஏன் புகார் சொல்லவில்லை?

ஈசியூவில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, பக்கத்து சீட்டில் அக்கா மகனை உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். இதை ஓட்டுகிறவரே செய்யக்கூடாது. முள்ளையும் ஸ்கேனரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் முன்னால் போகிற வண்டி தெரியாது. வெயிலில் நெடுநேரம் நின்ற வண்டி, கிளம்பும்போதே முள் படுத்திருந்தது.

"மாமா, இதுல ஸ்பீடு 42 காட்டுது."

"முள்ளு?"

"முள்ளு எந்திரிக்கவே இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் சென்சார், அதற்குப் போகும் மின்சாரம், அதன் எர்த், கியர்பாக்ஸ் மேலிருக்கும் கப்ளர் எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டன. ஈசியூவுக்கு வேகம் போகிறது. மீட்டருக்குத்தான் போகவில்லை, அல்லது போயும் மீட்டர் வாங்கிக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, வயரிங் படம் இல்லாமல் இதைச் சொல்லக்கூடாது. என் வண்டியில் சென்சாரின் சிக்னல் ஒயர் ஓர் இணைப்பில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஈசியூவுக்கும் ஒன்று மீட்டருக்கும் போகிறது. வேறு பல வண்டிகளில் சிக்னல் முதலில் மீட்டருக்குப் போய், அங்கிருந்து ஈசியூவுக்குப் போகும். அதில் மீட்டர் பலகை கெட்டால் ஸ்கேனரிலும் பூஜ்யம்தான் காட்டும், கோடும் பதியும், கோடைப் படித்தவர் சென்சாரை மாற்றச் சொல்வார். சென்சார் மேல் பழி விழும் வழிகளில் இது முக்கியமானது. இன்னொன்று, ஹால் சென்சார் தானாக 5 வோல்ட்டை அனுப்புவதில்லை, ஒயரை எர்த்துக்கு இழுத்து விடுகிறது, அவ்வளவுதான். அந்த 5 வோல்ட்டைக் கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் ஈசியூ கொடுக்கிறது. அதனால்தான் மீட்டர் பக்கம் அறுந்தாலும் ஈசியூவுக்குத் துடிப்பு நிற்கவில்லை.

ஸ்கேனரிலும் பூஜ்யம் வந்திருந்தால் நான் வண்டியைத் தூக்கியிருப்பேன். முன்சக்கர இழுப்பு வண்டி என்றால் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பிவிட்டுத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிக்னல் ஒயரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை மல்டிமீட்டரிலேயே பார்க்கலாம். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றுதான் போகும். துடிப்பு குறைகிறதே என்று பயந்துவிடக் கூடாது.

சரி, மீட்டர் பக்கம்தான். ஆனால் எந்த இடம்? இணைப்பிலிருந்து மீட்டர் வரைக்கும் ஒயர் இருக்கிறது, மீட்டரின் பின்னால் கப்ளர் இருக்கிறது, கப்ளருக்கு அந்தப் பக்கம் மீட்டர் பலகை இருக்கிறது. இந்த இடத்தில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, முள் எப்போது விழுகிறது என்று எழுத ஆரம்பித்தேன். நேரம், வெயிலா மழையா, கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று, என்னென்ன ஸ்விட்ச் போட்டிருந்தது. இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், செலவில்லாத பகுதியும் இதுதான்.

எழுதியதைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தது. பகலில் முள் கிளம்பும்போதே படுத்திருக்கும். ஏசி போட்டு ஓட்டிக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும், பிறகு விழாது. இரவில் நேர் எதிர். கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும், நெடுநேரம் ஓட்டிய பிறகு விழும். மழை நாட்களில் பகலில் விழுவதே இல்லை. சென்சார் மாற்றிய பிறகு 'சரியாகிவிட்ட' அந்த நாட்களைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனையும் மழை நாட்கள்.

பகலில் நடப்பதை வைத்துப் பார்த்தால் சூடு என்று தோன்றும். ஆனால் எந்தச் சூடு? எஞ்சினும் கியர்பாக்ஸும் ஓட ஓடத்தான் சூடாகும். அந்தப் பக்கம் பழுது இருந்தால் கிளம்பும்போது நன்றாக இருந்து பிறகு விழ வேண்டும். பகலில் தலைகீழாக நடக்கிறது. நிற்கும்போது சூடாகி, ஓடும்போது குளிர்வது வண்டிக்குள் ஒன்றுதான், டேஷ்போர்டு. கண்ணாடி வழியாக வெயில் நேராக விழுவது அதன் மேல். ஏசி காற்று போய்ச் சேர்வதும் அதன் உள்ளேதான். இதுவரை மீட்டர் பலகைக்கு எதிராகவே போகிறது.

இரவு அதைக் கெடுத்தது. வெயில் இல்லை, ஏசி ஓடுகிறது, பிறகேன் விழுகிறது? இரவில் கூடுதலாக இருப்பது ஹெட்லைட். விளக்குப் போட்டால் கோளாறு வருகிறது என்றாலே வயரிங் தெரிந்த யாரும் எர்த்தைத்தான் சொல்வார்கள், அது நியாயமும்கூட. டேஷ்போர்டுக்குப் பின்னால் பல கருவிகள் ஒரே எர்த் போல்ட்டில் வந்து சேர்கின்றன. அந்தப் போல்ட் துருப்பிடித்திருந்தால் விளக்குகளின் மின்னோட்டம் அங்கே தடைபட்டு, மீட்டரின் எர்த் பூஜ்யத்திலிருந்து மேலே போய்விடும். மீட்டருக்குச் சிக்னலின் கீழ்மட்டம் தெரியாது. முள் விழும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு விஷயம் போதுமாக இருந்தது. எர்த் கோளாறு என்றால் ஸ்விட்ச் போட்ட நொடியில் வர வேண்டும், அணைத்த நொடியில் போக வேண்டும். மின்சாரத்துக்குத் தயங்கத் தெரியாது. என் முள் விளக்குப் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் விழுந்தது. அணைத்தாலும் உடனே எழவில்லை. இருந்தாலும் அளந்துவிடலாம் என்று மீட்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து, ஹெட்லைட், ஏசி ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த் என்பார்கள். அதற்கும் வெகு கீழேதான் காட்டியது.

அப்படியானால் இரவிலும் சூடுதான். எங்கிருந்து? ஹெட்லைட் ஸ்விட்சைப் போட்டால் கூடவே எரிவது மீட்டரின் பின்வெளிச்சம். இந்த வயது வண்டியில் அது எல்ஈடி இல்லை, இழை பல்புகள். ஒவ்வொன்றும் சில வாட். நாலைந்து பல்புகள் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், பலகையின் முதுகிலேயே சொருகி உட்கார்ந்திருக்கின்றன. வெயில் பகலில் செய்ததை இரவில் அவை மெதுவாகச் செய்துகொண்டிருந்தன. மழை நாளில் வெயிலும் இல்லை, பகலில் விளக்கும் போடவில்லை.

எழுதிவைத்த காகிதத்தில் இருந்த முரண் எல்லாம் இதில் அடங்கியது. ஆனாலும் இது ஊகம்தான். அழகான ஊகம் என்பதால் இன்னும் ஆபத்தானது.

அடுத்த இரவு மீட்டர் கப்ளரின் சிக்னல் பின்னில், ஒயர் நுழையும் பின்பக்கமாக மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, அதிலிருந்து நீள ஒயர் எடுத்து, அக்கா மகன் கையில் மல்டிமீட்டரைக் கொடுத்தேன். ஒயரின் தோலைக் குத்திச் சிக்னல் எடுக்கிறவர்கள் உண்டு. அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கிச் சில மாதத்தில் புதுக் கோளாறு ஒன்று பிறக்கும். பின்பக்கமாகச் செருகுவதே நல்லது. விளக்குகளைப் போட்டுக்கொண்டு சுற்றினோம். அவன் பாட்டுக்கு எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு கட்டத்தில் முள் விழுந்தது.

"இப்ப என்னடா?"

"35 மாமா. மாறவே இல்ல."

35 ஹெர்ட்ஸ் என்றால் மணிக்குச் சுமார் 49 கிலோமீட்டர், நான் போய்க்கொண்டிருந்த வேகம்தான். கப்ளர் வரைக்கும் துடிப்பு நல்லபடியாக வந்து நிற்கிறது. ஒயரும் வெளியேறியது. மிஞ்சியது கப்ளரின் பின்னும் பலகையும்.

மீட்டரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும், ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. கழற்றிய மீட்டரை மேசையில் வைத்து 12 வோல்ட்டும் எர்த்தும் கொடுத்தேன். சின்னச் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து 5 வோல்ட் சதுர அலை, 42.5 ஹெர்ட்ஸ். முள் எழுந்து 60ஐத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நின்றது. இதில் பழுது ஒன்றும் இல்லை. ஐநாவின் வாகன விதிமுறை 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை. ஜிபிஎஸ் 60 காட்டும்போது முள் 64இல் இருக்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம். எப்போதும் ஒரே அளவில் தப்பாகக் காட்டுவது டயர் அளவு சார்ந்ததாகவும் இருக்கலாம். விழுந்து எழுவது வேறு ஜாதி.

மேசையில் முள் அசையாமல் நின்றது. ஹேர் டிரையரை எடுத்தேன். முழுப் பலகையையும் ஒரேயடியாகச் சூடாக்கினால் எந்த இடம் என்று தெரியாது. அதனால் அட்டையில் ஓட்டை வெட்டி, அதன் வழியாக ஒவ்வோர் இடமாகச் சூடு கொடுத்தேன். நடுவில் இருக்கும் ஐசி சில்லுக்குக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. முள்ளின் மோட்டார் பக்கம் கொடுத்தேன், அசையவில்லை. கப்ளர் உட்காரும் மூலைக்கு வந்ததும் முள் விழுந்தது. டிரையரை எடுத்துவிட்டுக் குளிரூட்டும் ஸ்பிரேயைக் காட்டினேன், எழுந்தது. மறுபடி சூடு, விழுந்தது. மறுபடி குளிர், எழுந்தது. பிளாஸ்டிக் குச்சியால் அந்தக் கப்ளரை லேசாக ஒரு பக்கம் தள்ளினாலும் எழுந்தது. பள்ளத்தில் இறங்கும்போது நடந்தது இதுதான்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சிக்னல் பின்னைச் சுற்றி ஈயத்தில் ஒரு மெல்லிய சாம்பல் வளையம். டிவி, ரேடியோ பார்க்கிறவர்கள் டிரை சோல்டர் என்று சொல்வது இதைத்தான். பின் ஒரு உலோகம், பலகை கண்ணாடி இழையும் பிசினும். சூட்டில் பலகை அதன் தடிமன் வாக்கில் செம்பைவிடச் சில மடங்கு அதிகமாக விரியும். இருபது வருஷமாக ஒவ்வொரு பகலும் விரிந்து, ஒவ்வொரு இரவும் சுருங்கி, நடுவில் மாட்டிக்கொண்ட ஈயம் களைத்து விரிசல் விட்டிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடானால் விலகும். மற்ற மூன்று முட்களும் ஏன் விழவில்லை என்றால் அவற்றின் பின்கள் வேறு, அவ்வளவுதான். அவற்றில் ஒன்றிலும் வளையம் லேசாக ஆரம்பித்திருந்தது.

சரிசெய்தது சொல்வதற்கு ஒன்றுமில்லாத வேலை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் வைத்து, 183 டிகிரியில் உருகும் 63/37 ஈயத்தால் அந்தக் கப்ளரின் எல்லாப் பின்களையும் புதிதாகப் பற்றவைத்தேன். ஒரு பின்னை மட்டும் பற்றவைத்து மூடினால் அடுத்த வருஷம் பக்கத்துப் பின்னுக்காகத் திறக்க வேண்டியிருக்கும். முட்களைத் தொடவில்லை. முள்ளைப் பிடுங்கி மாட்டினால் அது பழைய இடத்தில் உட்காரும் என்று சொல்ல முடியாது, பிறகு அளவு சரிபார்க்கும் வேலை தனி.

ஆறியதும் ஹேர் டிரையரை அதே மூலையில், முன்பு கொடுத்ததைவிட நெடுநேரம் பிடித்தேன். முள் 60க்கு மேல் அப்படியே நின்றது. குச்சியால் தள்ளினேன், நின்றது. வண்டியில் மாட்டி உச்சி வெயிலில் விட்டு எடுத்தேன். இரவில் விளக்கோடு ஓட்டினேன். கோளாறை எப்படி வரவழைப்பது என்று தெரிந்திருந்ததால்தான் அது போய்விட்டது என்று சொல்ல முடிந்தது. வெறுமனே ஓட்டிப் பார்த்து 'இன்னும் வரவில்லை' என்று காத்திருந்தால், அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஏமாந்துகொண்டிருக்கலாம்.

பின்வெளிச்சப் பல்புகளை எல்ஈடியாக மாற்றிவிட்டேன், உள்ளே சூடு குறையட்டும் என்று. யாராவது இதைப் பார்த்துச் செய்வதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். பேட்டரி சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் பல்பை மாற்றக்கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கிளம்புவதற்கான தொடக்க மின்னோட்டமே அந்தப் பல்பின் இழை வழியாகத்தான் போகிறது. அங்கே எல்ஈடி போட்டால் சார்ஜ் ஏறாத புதுக் கோளாறு ஒன்று வீட்டுக்கு வரும்.

மீட்டரையே மாற்றிவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய மீட்டர் கிடைக்கும், அதில் அந்த வண்டியின் கிலோமீட்டர் இருக்கும். பின்னால் விற்கும்போது வாங்குகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதுவும் இருபது வருஷம் வெயிலில் காய்ந்த பலகைதான்.

முள் படுத்திருந்த நேரமெல்லாம் கிலோமீட்டர் எண்ணும் ஓடவில்லை. அதனால் என் மீட்டர் காட்டுவது உண்மையைவிடக் குறைவு. சர்வீஸ் புத்தகத்தில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை மீட்டர் விட்டுவிட்டு ஓடியது என்று எழுதி, அடுத்த ஆயில் மாற்றத்தைக் கிலோமீட்டர் பார்க்காமல் தேதி பார்த்து முன்னாடியே செய்வதாக வைத்திருக்கிறேன். கழற்றிப் போட்ட பழைய சென்சாரைத் துடைத்து, டிக்கியில் டூல் பையோடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.